பழைய கணக்கு: சான் ஹுவானில் ஆறு நாள்

முதல் நாள், புதன், ஜூலை 23, 2025

விமானத்தின் சக்கரம் தரையைத் தொட்டதும் எல்லோரும் கைதட்டினார்கள். விமானி பிரமாதமாக இறக்கினார் என்பதற்காக இல்லை, ஊர் வந்துவிட்டது என்பதற்காக. புவெர்ட்டோ ரிக்கோக்காரர்களின் பழக்கம் இது என்று முன்பே கேள்விப்பட்டிருந்தேன். பக்கத்து இருக்கைப் பாட்டி முழங்கையால் இடித்ததும் நானும் தட்டினேன்.

நியூ ஜெர்சியிலிருந்து புவெர்ட்டோ ரிக்கோத் தீவின் தலைநகரான சான் ஹுவானுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். உள்நாட்டுப் பயணம் என்பதால் பாஸ்போர்ட்டில் முத்திரை கிடையாது. ஆனால் வெளியே வந்தால் காதில் விழுவது முழுக்க ஸ்பானிஷ், வீட்டுக்கு வீடு ஒற்றை நட்சத்திரக் கொடி. 1917 முதல் இவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். தீவில் இருக்கும்வரை அதிபர் தேர்தலில் வாக்கு இல்லை. ஒலிம்பிக்குக்கு மட்டும் தனி அணி போகும். இது நாடா, மாநிலமா, காலனியா என்று இங்கே யாரிடமும் கேட்டுவிடாதீர்கள், சாயங்காலம் ஆகிவிடும். குத்துச்சண்டை மேடையில் மட்டும் அந்தச் சந்தேகம் யாருக்கும் இல்லை. அங்கே புவெர்ட்டோ ரிக்கோ ஒரு நாடு, அதற்கு ஒரு ஜென்ம எதிரி உண்டு. அந்த எதிரி அமெரிக்கா இல்லை, மெக்சிகோ.

நான் வந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். வரும் சனிக்கிழமை இந்தத் தீவின் சாண்டர் சாயஸ் என்ற 22 வயதுப் பையன், 154 பவுண்டு எடைப் பிரிவில் காலியாக இருக்கும் உலகப் பட்டத்துக்காக மெக்சிகோவின் ஹோர்ஹே கார்சியா பெரெஸுடன் மோதுகிறான். நடக்கும் இடம் நியூயார்க், மேடிசன் ஸ்கொயர் கார்டன் வளாகத்திலுள்ள தியேட்டர். என் வீட்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. "சண்டை நம்ம வீட்டுப் பக்கத்துல. நீங்க எதுக்கு அவ்வளவு தூரம் போறீங்க?" என்று மனைவி கேட்டாள். தோற்றால் யார் வீட்டில் அடுப்பு எரியாதோ அவர்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றேன். குத்துச்சண்டைக்குப் பேர்போன வடசென்னை ராயபுரத்தில் வளர்ந்தவனுக்கு இந்த ஆசை வந்ததில் ஆச்சரியம் என்ன? அவள் ஒத்துக்கொள்ளவில்லை. டிக்கெட் ஏற்கெனவே போட்டாகிவிட்டது.

வந்ததும் ஒரு சிக்கல். மூன்று மாதம் முன்பே பதிந்திருந்த அறை 'கணினியில் இல்லை' என்றார்கள். ஊரே பாடகர் பேட் பன்னியின் தொடர் கச்சேரிக்காக நிரம்பி வழிகிறது, விலையெல்லாம் மூன்று மடங்கு. கடைசியில் சாந்துர்சே பகுதியில் ஒரு வீட்டு மாடியில் அறை கிடைத்தது. மின்விசிறி உண்டு. ஜன்னலுக்கு வெளியே கோகி என்ற குட்டித் தவளை இரவு முழுவதும் தன் பெயரையே சொல்லிக் கத்திக்கொண்டிருக்கிறது. கட்டைவிரல் அளவுள்ள பிராணிக்கு இத்தனை தொண்டையா!

இரண்டாம் நாள், வியாழன், ஜூலை 24

காலையில் எஸ்காம்ப்ரோன் கடற்கரை. அதை ஒட்டி ஒரு பழைய விளையாட்டரங்கம், பெயர் சிக்ஸ்தோ எஸ்கோபார். கடலைப் பார்க்க வருகிற சுற்றுலாப் பயணிகள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

எஸ்கோபார்தான் தீவின் முதல் உலகச் சாம்பியன். பார்சலோனேட்டா என்ற சிற்றூரில் 1913-ல் பிறந்தவர். 1934 ஜூன் 26 அன்று, இரண்டு பேருக்கும் சம்பந்தமில்லாத கனடாவின் மான்ட்ரியாலில், ஒன்பதாவது சுற்றில் எதிராளியைச் சாய்த்துப் பட்டத்தை எடுத்தார். விழுந்தவர் பேபி காசனோவா, மெக்சிகோக்காரர். அதாவது தீவின் முதல் பட்டமே மெக்சிகோக்காரரை வீழ்த்தி வந்தது. அந்த நாளில் இதை யாரும் நாட்டுப் பகை என்று நினைத்திருக்க மாட்டார்கள். பகை என்று பெயர் வைத்தவர்கள் பிறகு வந்தவர்கள். பெயர் வைத்த பிறகு பின்னோக்கிப் போய் முதல் வரியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். குடும்பச் சண்டைகளிலும் அப்படித்தானே, "உங்க தாத்தா காலத்துலயே" என்று ஆரம்பிப்பார்கள்.

மதியம் ஹாத்தோ ரேய் பக்கம் போனேன். எங்கு பார்த்தாலும் பிளாம்போயான் மரங்கள். சென்னைத் தெருக்களில் மே மாதம் சிவந்து நிற்குமே, அந்தக் குல்மோகரேதான். பெரிய வணிக வளாகத்துக்கு எதிரே ராபர்ட்டோ கிளெமென்ட்டே உள்ளரங்கம். இன்று பூட்டிக் கிடந்தது. காவலாளி கம்பிக் கதவு வரைதான் விட்டார். அங்கேயே கால் மணி நேரம் நின்றேன்.

நான் பார்க்க வந்தது 1978 அக்டோபர் 28-ஐ. அன்று இந்தக் கூரைக்குக் கீழே ஒரு பக்கம் வில்பிரெடோ கோமெஸ், இதே ஊரின் லாஸ் மோன்ஹாஸ் குடியிருப்பில் வளர்ந்தவர். முதல் தொழில்முறைப் போட்டி டிரா, அதற்குப் பிறகு 21 வெற்றி, இருபத்தொன்றும் நாக்அவுட். மறுபக்கம் மெக்சிகோவின் கார்லோஸ் சாராத்தே, 52 போட்டி, 52 வெற்றி, அதில் 51 நாக்அவுட். இந்த எண்களை இன்னொரு முறை படியுங்கள். இப்படிப்பட்ட இரண்டு பேர் ஒரே மேடையில் ஏறுவது இன்றைக்கு நடக்கவே நடக்காது. இரண்டு முகாமும் வழக்கறிஞர்களை வைத்து மூன்று வருடம் தள்ளிப்போடுவார்கள். நான்காவது சுற்றில் சாராத்தே விழுந்தார், ஐந்தாவதில் கதை முடிந்தது.

அதோடு நின்றிருந்தால் அது ஒரு பெரிய சண்டை, அவ்வளவுதான். கோமெஸ் அடுத்து எடை கூட்டி 126 பவுண்டுக்குப் போனார். 1981 ஆகஸ்ட் 21, லாஸ் வேகாஸ். இப்போது எதிரே மெக்சிகோவின் சல்வடோர் சான்செஸ். 32 நாக்அவுட்களோடு போன கோமெஸ் முதல் சுற்றிலேயே தரையில் கிடந்தார், எட்டாவதில் நடுவர் நிறுத்தினார். சான்செஸ் அடுத்த வருடம் ஆகஸ்ட் 12 அன்று கார் விபத்தில் இறந்துபோனார், வயது 23. தோற்றவனுக்குப் பழிதீர்க்க ஆளே இல்லாமல் போய்விட்டது. இந்தப் பகையில் என்னைப் பிடித்து வைத்திருக்கும் இடம் அதுதான். ஒரு கணக்கு அந்தரத்தில் நின்றுவிட்டால், அதை அடைக்க வேறு யாராவது வந்துதான் ஆக வேண்டும் என்று ஒரு ஊர் நினைக்க ஆரம்பித்துவிடுகிறது.

இரவு மொஃபோங்கோ சாப்பிட்டேன். பொரித்த வாழைக்காயைப் பூண்டோடு உரலில் இடித்துத் தருகிறார்கள். உரலோடு மேசைக்கு வருகிறது. நல்ல கனம், இரண்டாவது கவளத்திலேயே தூக்கம் வந்துவிட்டது.

மூன்றாம் நாள், வெள்ளி, ஜூலை 25

இன்று தீவுக்கு விடுமுறை. 1952-ல் இதே நாளில்தான் இவர்களின் அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்தது. 1898-ல் அமெரிக்கப் படை தெற்கே குவானிக்காவில் வந்து இறங்கியதும் இதே ஜூலை 25. ஒரே தேதியில் ஒருவருக்குக் கொண்டாட்டம், இன்னொருவருக்குத் துக்கம். காலையில் ஒரு கட்சிக்காரர்கள் கொடியோடு போனார்கள், மதியம் வேறு கட்சிக்காரர்கள் அதே கொடியோடு வேறு கோஷம் போட்டுக்கொண்டு போனார்கள்.

அந்தக் கொடிக்கே ஒரு கதை உண்டு. 1948-ல் வந்த வாய்ப்பூட்டுச் சட்டத்தின்படி அதை ஏற்றினாலோ, வீட்டில் வைத்திருந்தாலோ சிறை. அதே 1948-ல்தான் லண்டன் ஒலிம்பிக்கில் தீவுக்கு முதல் பதக்கம் கிடைத்தது. வாங்கியவர் ஹுவான் எவாஞ்செலிஸ்தா வெனேகாஸ், குத்துச்சண்டையில் வெண்கலம். சட்டம் 1957-ல் போனது. இன்றைக்கு சாயஸின் கால்சட்டை வரைக்கும் அந்த நட்சத்திரம் வந்துவிட்டது.

பிறகு காகுவாஸ் போனேன். தலைநகரிலிருந்து தெற்கே மலைகளுக்கு நடுவே உள்ள ஊர், மிகேல் கோட்டோவின் ஊர். விடுமுறையிலும் ஒரு சின்ன ஜிம் அரை நாள் திறந்திருந்தது. தகரக் கூரை, நான்கு மணல்மூட்டை, கயிறுக்குப் பதில் சில இடத்தில் துணி சுற்றிய ஒரு மேடை, பின்பக்கம் காய்த்துத் தொங்கும் மாமரம். வாசலில் நாற்காலி போட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். இருபது வருடம் நியூயார்க்கின் பிராங்ஸில் பேருந்து ஓட்டிவிட்டுத் திரும்பியவர், அதனால் ஆங்கிலம் பேசினார். என்னை முதல் வாக்கியத்திலிருந்தே 'மிஹோ' என்றார். நம் ஊர் 'தம்பி' போல.

"நாளைக்கு என்ன தேதி தம்பி?"

"26 ஐயா."

"ஜூலை 26. 2008-ல இதே நாள் எங்க மிகேல் அடி வாங்கின நாள். இந்தத் தெருவுல அன்னிக்கு ராத்திரி ஒரு நாய்கூடக் குரைக்கல."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. அந்தச் சண்டையைப் பலமுறை பார்த்திருக்கிறேன், தேதி மனதில் இல்லை. கோட்டோ அதுவரை தோற்றதே இல்லை. முதல் பாதி முழுக்க அழகாகக் குத்திவிட்டு விலகினார். மெக்சிகோவின் அன்டோனியோ மார்கரித்தோ எதையும் பொருட்படுத்தாமல் நடந்து வந்துகொண்டே இருந்தார். பதினோராவது சுற்றில் கோட்டோ முகம் முழுக்க ரத்தத்தோடு மண்டியிட்டார்.

ஆறு மாதம் கழித்து, 2009 ஜனவரியில், லாஸ் ஏஞ்சலிஸில் ஷேன் மோஸ்லியோடு மோதுவதற்கு முன் மார்கரித்தோவின் கைக்கட்டுத் துணிக்குள் இறுகிப்போன மாவுக்கட்டு மாதிரியான பொருள் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். கலிபோர்னியா உரிமத்தைப் பறித்தது. 2008-லும் அப்படி இருந்ததா? நிரூபணம் ஆகவில்லை. தனக்கு எதுவும் தெரியாது என்றே மார்கரித்தோ சொல்லி வந்தார். இதைப் பெரியவரிடம் சொல்லிப் பார்த்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மூட்டையைக் குத்திக்கொண்டிருந்த பையனிடம் ஏதோ ஸ்பானிஷில் சொன்னார். அவன் சிரித்தான். மொழிபெயர்க்கச் சொல்லவில்லை நான்.

"அப்புறம் டிசம்பர் 3" என்றார் அவரே. 2011 டிசம்பர் 3, மேடிசன் ஸ்கொயர் கார்டன், மறுபோட்டி. மார்கரித்தோவின் வலது கண் மூடிப்போக, பத்தாவது சுற்றுக்கு முன் மருத்துவர் நிறுத்திவிட்டார். கோட்டோ கொண்டாடவில்லை, எதிர் மூலைக்குப் போய் நின்று மார்கரித்தோவை உற்றுப் பார்த்தார். "அதுவும் யாரோட நாள் தெரியுமா? 1982 டிசம்பர் 3. கோமெஸ் மெக்சிகோக்காரன் லூப்பே பின்டோரை பதினாலாவது ரவுண்டுல சாய்ச்ச நாள்." நம் வீடுகளில் திதியை நினைவில் வைத்திருக்கும் பாட்டிகளைப் போல இந்த மனிதர் சண்டைகளை வைத்திருக்கிறார்.

நாளை இரவு தன்னோடு வந்து பார்க்கச் சொன்னார். இதற்குத்தானே வந்தேன்.

நான்காம் நாள், சனி, ஜூலை 26

எழுதும்போது மணி விடிகாலை மூன்று. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காகுவாஸிலிருந்து கொஞ்சம் மேலே, மலைச் சாலை ஓரம் ஒரு கொட்டகைக் கடை. பொரித்த பண்டம், மெதாயா பீர், மூலையில் பெரிய டிவி. எழுபது பேர் இருக்கலாம். அவர்களில் ஒருவர் மட்டும் பச்சை ஜெர்சி போட்டிருந்தார். மெக்சிகோவின் புவெப்லாவிலிருந்து வந்து இங்கே கூரை வேலை பார்ப்பவராம். அடிப்பார்களோ என்று எனக்குக் கொஞ்சம் பயம். ஆனால் இரவு முழுவதும் அந்த மனிதர் ஒரு பீருக்குக்கூடக் காசு கொடுக்கவில்லை, ஆளுக்கொருவர் வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். எதிரி இல்லாமல் என்ன திருவிழா?

அவரும் பெரியவரும் எனக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து வாதாடினார்கள். ஒருவர் கோமெஸ் என்றால் மற்றவர் சான்செஸ் என்பார். 1987-ல் ஹூலியோ சேசர் சாவெஸ் எட்வின் ரொசாரியோவைப் பதினோராவது சுற்றில் முடித்ததும், 1992-ல் அதே சாவெஸ் ஹெக்டர் கமாச்சோவைப் பன்னிரண்டு சுற்றும் துரத்தியதும் பச்சை ஜெர்சியின் கணக்கில். 1999 செப்டம்பர் 18 அன்று தீவின் பெலிக்ஸ் டிரினிடாட் மெக்சிக்க வம்சாவளி ஆஸ்கர் டி லா ஹோயாவை ஜெயித்ததைப் பெரியவர் எடுத்து வைத்தார். "அவன் லாஸ் ஏஞ்சலிஸ்ல பொறந்தவன், எங்க கணக்குல சேராது" என்றார் பச்சை ஜெர்சி. "அப்போ தோத்தா மட்டும் சேராதா?" என்று பெரியவர்.

நான் இதைப் பிடித்துக்கொண்டேன். சாயஸ் பிறந்தது சான் ஹுவான், ஆனால் சிறுவயதிலேயே குடும்பம் ஃபுளோரிடாவுக்குப் போய்விட்டது, பயிற்சியும் அங்கேதான். கமாச்சோ வளர்ந்தது நியூயார்க்கில். போன வருடம் மெக்சிகோவின் கனேலோ ஆல்வரெஸிடம் தோற்ற எட்கர் பெர்லாங்கா அதே ஊரின் புரூக்ளின் பையன். அப்படியானால் யார் நம்மாள்? பெரியவர் யோசிக்கவே இல்லை. "கொடியை யார் போர்த்திக்கிட்டு வர்றானோ அவன்." இருபது வருடம் பிராங்ஸில் இருந்தவர் வேறு என்ன சொல்வார்?

பச்சை ஜெர்சிக்காரர் சொன்ன ஒன்றுதான் இன்னும் மண்டைக்குள் ஓடுகிறது. "எங்களுக்குப் பகையாளிங்க நிறைய. அமெரிக்காக்காரன் இருக்கான், பிலிப்பைன்ஸ்காரன் இருக்கான், ஜப்பான்காரன் இருக்கான். உங்களுக்கு நாங்க ஒருத்தர்தான்." யாரும் கோபப்படவில்லை. 13 கோடிப் பேர் நாட்டுக்கும் 32 லட்சம் பேர் தீவுக்கும் உள்ள தூரம் அது. பிலிப்பைன்ஸின் பாக்கியாவோவும் மெக்சிகோவின் மார்க்கெஸும் நான்கு முறை மோதியபோது மெக்சிகோவுக்கு அதுவே உலகம், புவெர்ட்டோ ரிக்கோ நினைவிலேயே இருந்திருக்காது. தீவோ வருடம் முழுக்க மெக்சிகோவையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

சரி, சண்டை. சாயஸ் பெரிய இடிகாரன் இல்லை. 21 வெற்றியில் 13 நாக்அவுட். உயரம், நீளமான இடது கை, பதற்றமில்லாத கால்கள். கார்சியா பெரெஸ் முன்னால் வந்துகொண்டே இருந்தார். இவன் இடதால் ஒன்று வைப்பான், நகர்வான், இன்னொன்று வைப்பான். எனக்கு ஐந்தாவது சுற்றிலேயே புரிந்துவிட்டது, இவன் ஜெயித்துவிடுவான் என்று. ஆனால் அந்தக் கொட்டகையில் யாருக்கும் புரியவில்லை. ஒன்பதாவது சுற்றில்கூடப் பெரியவர் பீரைத் தொடவில்லை. ஏன் என்று பிறகுதான் உறைத்தது. 2008-லும் முதல் பாதி இப்படித்தான் இருந்தது. அழகாகக் குத்திவிட்டு விலகும் நம்மாள், நடந்து வந்துகொண்டே இருக்கும் மெக்சிகோக்காரன். இவர்கள் டிவியில் சாயஸைப் பார்க்கவில்லை, பதினோராவது சுற்று வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பதினோராவது சுற்று வந்தது. கடையில் எண்ணெய் பொரியும் சத்தம் மட்டும். மணி அடித்தது. சாயஸ் தன் மூலைக்கு நடந்துபோய் உட்கார்ந்தான். பெரியவர் அப்போதுதான் பாட்டிலை எடுத்து ஒரே மூச்சில் பாதியைக் குடித்தார்.

பன்னிரண்டு சுற்றும் முடிந்து மூன்று நடுவர்களும் சாயஸுக்கே கொடுத்தார்கள். ஆண்களில் இப்போது பட்டம் வைத்திருப்பவர்களில் இவன்தான் மிக இளையவன். கார் ஹாரன்கள், பானையைக் கரண்டியால் தட்டும் சத்தம், "நான் போரிக்குவா, தெரிஞ்சுக்கோ" என்ற கோஷம் (போரிக்குவா என்றால் புவெர்ட்டோ ரிக்கோக்காரன்). பச்சை ஜெர்சிக்காரரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். அவர் "மெஹிகோ! மெஹிகோ!" என்று கத்த, இவர்களும் சேர்ந்து கத்தினார்கள்.

ஐந்தாம் நாள், ஞாயிறு, ஜூலை 27

பதினொரு மணி வரை தூக்கம். பிறகு நகர ரயிலில் குப்பே வரை போய் வந்தேன். டிரினிடாட் வளர்ந்த மலைப்பகுதி அந்தப் பக்கம்தான். இறங்கியதும் கொட்டிய மழை நிற்கவேயில்லை. நிலையத்திலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன். சாப்பிட்டது கந்தூலே சோறு. கந்தூலே என்றால் துவரைதான். பன்றிக்கறித் துண்டும் போட்டுச் சமைக்கிறார்கள், ஆனாலும் முதல் வாய் நம் வீட்டு வாசனைதான்.

நண்பர் ஒருவர் செய்தி அனுப்பிக் கேட்டிருந்தார்: சாயஸுக்குப் பிறகு யார்? தீவில் சொல்லும் பெயர் ஹுவான்மித்தா லோப்பெஸ். 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போனவர், முன்னாள் சாம்பியன் ஹுவான்மா லோப்பெஸின் மகன். அந்த அப்பாவை மெக்சிகோவின் ஒர்லாண்டோ சலிதோ 2011-லும் 2012-லும் இந்த மண்ணிலேயே இரண்டு முறை சாய்த்தார். அந்தப் பக்கம் எமிலியானோ வர்காஸ் வளர்கிறார், மெக்சிக்க வம்சாவளி அமெரிக்கப் பையன். அவர் அப்பா பெர்னாண்டோ வர்காஸை 2000 டிசம்பரில் டிரினிடாட் பன்னிரண்டாவது சுற்றில் முடித்தார். பிள்ளைகள் பணக்கணக்கோடு பழைய கணக்கையும் சேர்த்தே வாங்கி வருகிறார்கள். நிகழ்ச்சி நடத்துபவர்களுக்குச் சுவரொட்டி வாசகம் தயார். எனக்கு இதில் கொஞ்சம் நெருடல் உண்டு. அப்பன் வாங்கிய அடிக்கு மகன் ஏன் மேடையேற வேண்டும்?

என் ஓட்டு ஒஸ்கார் கொயாசோவுக்கு. 105 பவுண்டு, இருப்பதிலேயே சின்ன எடை. 2023-ல் ஏழாவது போட்டியிலேயே பட்டம், 2024 நவம்பரில் ரியாத்தில் இரண்டாவது பெல்ட். தொழில்நுட்பத்தில் சாயஸைவிட ஒரு படி மேல் என்பேன். ஆனால் சின்ன உடம்புக்காரர்களுக்குக் காசும் குறைவு, சுவரொட்டியும் குறைவு. கோமெஸும் எஸ்கோபாரும் சின்ன உடம்புக்காரர்கள்தான் என்பதை ஊர் மறந்துவிடுகிறது.

ஆறாம் நாள், திங்கள், ஜூலை 28

விமானம் மாலையில். காலையில் விடைபெற காகுவாஸ் ஜிம்முக்குப் போனேன். வெள்ளிக்கிழமை நான்கு பேர் இருந்த இடத்தில் இன்று பதினைந்து பிள்ளைகள், மூட்டைக்கு வரிசை. நடுவில் ஒரு பொடியன், ஒன்பது வயது இருக்கும், கையுறை முழங்கை வரை வருகிறது. பெரியாள் ஆனதும் யாரோடு சண்டை போடுவாய் என்று பெரியவர் மூலம் கேட்டேன்.

"மெக்சிகோக்காரனோட."

"எந்த மெக்சிகோக்காரன்?"

அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. பெரியவர் மறுபடி கேட்டார். அவன் தோளைக் குலுக்கிவிட்டு மூட்டைக்குத் திரும்பினான்.

பெரியவர் பின்பக்க மரத்திலிருந்து மூன்று மாம்பழம் பறித்துக் கையில் திணித்தார். வேண்டாம் என்றால் விடுவாரா? விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்க்க ஆள் இல்லை, ஆனால் விவசாயத் துறையின் சோதனை இயந்திரம் உண்டு. அமெரிக்கப் பெருநிலத்துக்கு இங்கிருந்து பயணப் பெட்டியில் மாம்பழம் போகக் கூடாது. மனிதர்கள் போகலாம், மாம்பழம் கூடாது. வரிசையிலிருந்து விலகி, சுவரோரம் பெட்டியின் மேல் உட்கார்ந்து மூன்றையும் தின்று முடித்தேன். சாறு முழங்கை வரை வழிந்தது. எதிரே சாயஸின் படம் போட்ட சட்டையோடு ஒரு குடும்பம் நின்றிருந்தது, அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் ஈரத்துணிப் பொட்டலத்தை நீட்டினார்.